துன்பத்திடை இன்பம் கண்ட மயிலாடி வேதமாணிக்கம்

மாந்தர் வாழ்வில் துன்பம் வருதல் இயல்பு. வந்த துன்பத்தைத் தாங்கி நிற்றல் ஒரு வலிமை. அத்துன்பத்தின் நடுவே உள்ளம் மகிழ்ந்து, அந்த மகிழ்ச்சியின் துணைகொண்டு தன்னைச் சூழ்ந்தோரையும் கைதூக்கிவிடுதல் அதனினும் பெரிய வலிமை. இவ்வலிமை பெற்று வாழ்ந்த நம் இனத்துப் பெரியார் ஒருவரின் வரலாற்றை, நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இவ்வரலாற்றை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2015 டிசம்பர்த் திங்களின் முதல் நாள்களில் அடையாறு கரைபுரண்டு ஓடியதை நம் உறுப்பினர் எவரும் மறந்திரார். கோட்டூர்புரம், சைதாப்பேட்டைக் கரையோரங்களில் நம்மவர் குடிசைகள் நீரில் மூழ்கின. பாத்திரம் பண்டங்களோடு பிள்ளைகளின் பாடநூல்களும் சான்றிதழ்களும் போயின. அம்மாதக் கடைசியில், சேறு காயாத ஒரு சந்தில், கிறித்தவக் குடும்பத்தார் சிலர் விளக்கேற்றிக் கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடினர். அருகிலிருந்த இளைஞன் ஒருவன் நம்மிடம், எல்லாம் இழந்த பின்னும் இவர்கள் பாடுவது எப்படி, இது தம்மைத் தாமே ஏமாற்றிக் கொள்வதன்றோ, உரிமைக்குப் போராட வேண்டியவரை இப்பாட்டு உறங்க வைத்துவிடாதோ என்று கேட்டான். நேர்மையான கேள்வி அது. அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. பின்னர் மயிலாடி வேதமாணிக்கத்தின் வாழ்வைப் படித்தபோது, அவ்விளைஞனுக்குச் சொல்ல ஒரு விடை கிடைத்தது.

மயிலையில் வாழும் நமக்குக் கிறித்தவம் என்றவுடன் சாந்தோம் ஆலயமும், அப்போஸ்தலர் தோமா கடல்கடந்து இங்கு வந்து உயிர்நீத்தார் என்னும் மரபும் நினைவிற்கு வரும். வேதமாணிக்கத்தின் வரலாறோ தமிழகத்தின் தென்கோடியில் நிகழ்ந்தது. தொண்டரைத் தேடி நம்மவரே நடந்து சென்ற வரலாறு அது.

பிறந்த ஊரும் அந்நாளைய நிலையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அகத்தீசுவரம் வட்டத்தைச் சார்ந்தது மயிலாடி. கல்லில் சிலை செதுக்கும் சிற்பிகளால் இன்று பெயர்பெற்ற ஊர் அது. சுசீந்திரம் பெருங்கோயில் அதற்கு அண்மையில் உள்ளது. 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் அப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன்னர் அது திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவ்வூரில் சாம்பவர் குலத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. பெற்றோர் அதற்கு மகராசன் என்று பெயரிட்டனர். ஊரார் தீண்டத் தகாதவன் என்று ஒதுக்கிய பிள்ளைக்கு, பெற்ற நெஞ்சம் அரசன் என்று பெயர் சூட்டி மகிழ்ந்தது. நம் இனத்துத் தாய்தந்தையர் உள்ளம் எக்காலத்தும் இத்தகையதே.

அந்நாளைய திருவிதாங்கூரில் நம் மக்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. கோயில் வீதியில் நடத்தல் ஆகாது. உயர்ந்தோர் எனப்பட்டவர் எதிர்ப்பட்டால் குறித்த தொலைவிற்கு அப்பால் விலகி நிற்றல் வேண்டும். பெண்டிர் மேலாடை அணிதல் கூடாது. குடையும் செருப்பும் விலக்கப்பட்டவை. கூலியின்றி வேலை வாங்கும் ஊழியமும், தலைக்கு இவ்வளவு என்று தண்டும் வரியும் அதன்மேற் சுமை. மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் செய்தனர். அடிமை முறை அந்நாட்டில் 1855-ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. கோயிற்கதவு 1936-ஆம் ஆண்டில்தான் நமக்குத் திறந்தது. ஆதலின் மகராசன் வாழ்ந்த காலத்தில் இவற்றுள் ஒன்றேனும் மாறும் என்று எண்ணுதற்கு இடமில்லை.

சிதம்பரப் பயணம்

மகராசனின் உள்ளம் இளமை முதலே இறைவனை நாடிற்று. வழிபாடுகளிலும் நோன்புகளிலும் மிக்க பற்றுடையவராய் வாழ்ந்தார். ஆயினும் நெஞ்சில் அமைதி பிறக்கவில்லை. சிதம்பரம் சென்று கூத்தப்பெருமானைக் கண்டு வணங்கினால் அந்த அமைதி கிட்டும் என்று நம்பித் தம் சகோதரியின் மகனான சிவகுருநாதனையும் அழைத்துக்கொண்டு கால்நடையாகப் புறப்பட்டார்.

மயிலாடியிலிருந்து சிதம்பரம் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. தொடர்வண்டி இல்லாத காலம். சாலையோரச் சத்திரங்களில் நம்மவர்க்கு இடமில்லை. ஊர்ப்பொதுக் கிணற்றில் நீரில்லை. அத்தனைத் துன்பத்தையும் பொறுத்து நடந்தவர் தில்லையை அடைந்தபோது அங்குக் கண்டது என்ன? நந்தனார் நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கி வந்து வெளியே நின்ற அதே நகரம் அது. நூற்றாண்டுகள் பல கடந்த பின்னும் நந்தனாரின் மரபினர்க்கு உட்செல்ல உரிமையில்லை. மகராசனும் வெளியேதான் நிற்க வேண்டியவர். அங்குக் கண்ட காட்சிகள் அவர் மனத்திற்கு நிறைவளிக்கவில்லை. தாம் தேடி வந்தது இங்கில்லை என்ற எண்ணமே மேலிட்டது. அன்றிரவு கனவில் ஒருவர் தோன்றி, ஊர் திரும்புமாறும் வழியில் உண்மை விளங்கும் என்றும் உணர்த்தியதாக அவர் வழியினர் கூறுவர். கனவின் உண்மையை நாம் ஆராயப் புகவில்லை. ஏமாற்றத்தோடு திரும்பிய ஒருவர் தம் தேடலை மட்டும் கைவிடவில்லை என்பதே நாம் கருதத்தக்கது.

தஞ்சையில் பிறந்த மகிழ்ச்சி

திரும்பும் வழியில் தஞ்சைப் பகுதியில் இருந்த உறவினர் வீட்டில் தங்கினார். அவர்கள் கிறித்தவ நெறியைத் தழுவியிருந்தனர். தஞ்சையில் பெரும்புகழ் பெற்றிருந்த சுவார்ட்ஸ் ஐயர் 1798-ஆம் ஆண்டில் மறைந்துவிட்டார். அவரால் வளர்க்கப்பெற்ற கோலாஃப் ஐயர் அப்போது அச்சபைக்குத் தலைவராக இருந்தார். உறவினரோடு மகராசன் ஆலயம் சென்றார். வெளியே நில் என்று சொல்வார் ஒருவரும் இலர். உள்ளே சென்று அமர்ந்தார். தமக்கு விளங்கும் தமிழில் பேசப்பட்ட மறையுரையைக் கேட்டார். மனிதராய் வந்து, எளியாரோடு உண்டு, ஒதுக்கப்பட்டோரைத் தொட்டு நலமாக்கி, தாமும் ஊருக்குப் புறம்பே சிலுவையில் மாண்ட ஒருவரைப் பற்றிய செய்தி அது. ஊர்ப்புறத்தே வாழ்ந்த மகராசனின் உள்ளத்தில் அது நேரே சென்று பதிந்தது.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. தஞ்சைத் திருச்சபையிலும் அந்நாளில் சாதி ஒழிந்திருக்கவில்லை. வேளாளர் ஒருபுறமும் நம்மவர் மறுபுறமும் தனித்தனி வரிசையில் அமர்ந்தனர். 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் இவ்வழக்கத்தை விலக்குமாறு கண்டிப்பான ஆணை பிறப்பித்தார். அதன் பின்னரும் அது எளிதில் போயிற்றில்லை. ஆகவே மகராசன் கண்டது குறைகளற்ற சமுதாயம் அன்று. எனினும் ஒரே கூரையின் கீழ் அமரவும், ஒரே மறையைக் கேட்கவும், இறைவனுக்கு முன் தாமும் ஓர் ஆள் என்று எண்ணவும் அங்கு அவருக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது.

1799-ஆம் ஆண்டில் கோலாஃப் ஐயர் கையால் அவர் திருமுழுக்குப் பெற்றார். மகராசன் வேதமாணிக்கம் ஆனார். உடன் சென்ற சிவகுருநாதன் மாசிலாமணி எனப் பெயர் பெற்றார். சிதம்பரத்தில் கிட்டாத நிறைவு தஞ்சையில் கிட்டியது. அதன் பின்னர் அவர் செய்தவற்றைக் காணும்போதுதான் அவ்வுள்ளத்தில் ஊற்றெடுத்த மகிழ்ச்சி எத்துணை ஆழமானது என்பது விளங்கும்.

ஊர் திரும்பியவர் பட்ட துன்பம்

தஞ்சையிலேயே தங்கியிருப்பின் அவர் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். உறவினர் இருந்தனர், சபையின் ஆதரவும் இருந்தது. அவ்வாறு செய்யாமல், தமக்குக் கிடைத்த நற்பேறு தம் மக்களுக்கும் கிடைத்தல் வேண்டும் என்று கருதி, தமிழ் மறைநூல்களோடு மயிலாடிக்குத் திரும்பினார். வீட்டிலேயே ஜெபக்கூட்டம் தொடங்கினார். உறவினரும் அண்டை அயலாரும் மெல்ல மெல்ல வந்தனர்.

துன்பமும் உடன் வந்தது. முன்னோர் தெய்வங்களைக் கைவிட்டான் என்று உற்றார் சிலர் வெறுத்தனர். வாய்பேசாமல் குனிந்து நின்ற மக்கள் ஒன்றுகூடிப் படிப்பதும் பாடுவதும் நிலமுடையோர்க்குப் பிடிக்கவில்லை. அச்சுறுத்தலும் தொல்லையும் பெருகின. ஊரையே விட்டுத் தஞ்சைச் சீமைக்குக் குடியேறிவிடலாம் என்றும் ஒரு யோசனை எழுந்ததாகச் சபை வரலாறு கூறும்.

இந்நிலையில் வேதமாணிக்கம் மீண்டும் நடக்கலானார். தஞ்சைக்கும், டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடிக்கும் சென்றார். தம் மக்களுக்கு மறை கற்பிக்கவும் எழுத்தறிவிக்கவும் ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்டார். தரங்கம்பாடியில் அப்போது ரிங்கல்தௌபே ஐயர் என்னும் செருமானியர் தங்கித் தமிழ் கற்றுவந்தார். அவர் 1770-இல் பிறந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இலண்டன் மிஷனரி சங்கத்தால் அனுப்பப்பெற்று 1804-இன் முடிவில் இங்கு வந்தவர். எங்குச் சென்று பணியாற்றுவது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், திருவிதாங்கூரின் கோடியிலிருந்து நம்மவர் ஒருவர் சென்று வாருங்கள் என்றழைத்தார். 1806 ஏப்ரல் 25-ஆம் நாள் ரிங்கல்தௌபே மயிலாடியில் கால்வைத்தார்.

இளைஞர்களே, இங்குச் சற்று நின்று சிந்தியுங்கள். மிஷனரிமார் வந்து நம்மவரை மாற்றினர் என்றே நூல்கள் பலவும் எழுதும். அரிசிக்கும் பருப்புக்கும் மதம் மாறியவர் என்று ஏளனம் செய்வோரும் உளர். தென்திருவிதாங்கூரில் நடந்தது வேறு. வெளிநாட்டார் வருவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே அங்கு ஒரு சபை இருந்தது. அதைத் தொடங்கியவர் நம் இனத்தவர். வெளிநாட்டாரை வரவழைத்தவரும் அவரே. கிறித்தவராவதால் அவர்க்கு வந்தது வசதியன்று, வசவும் அடியுமே.

பின்னாளில் வரிச்சலுகை கிட்டும், வழக்கில் துணை கிட்டும் என்று சபையை நாடிவந்தோர் இருந்தனர் என்பதும் உண்மையே. ரிங்கல்தௌபே அதனைத் தம் குறிப்புகளில் வருத்தத்தோடு எழுதினார். வந்தவரையெல்லாம் ஆராயாமல் சேர்க்கவும் மறுத்தார். ஆயினும் அடிமையாய்க் கிடப்பவன் அடியினின்று தப்பிக்க வழி தேடினால் அதனைக் குற்றமென்று நாம் கூறோம்.

போர்க்காலத்துச் சோதனை

மயிலாடியில் ஓர் ஆலயம் கட்ட அரசின் இசைவு எளிதில் கிடைக்கவில்லை. ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த கர்னல் மெக்காலே முயன்றும், திவான் வேலுத்தம்பி இசைவு தரவில்லை. அதற்குள் 1808-இன் இறுதியில் வேலுத்தம்பிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. அந்நிய ஆட்சியை எதிர்த்த வீரராக வேலுத்தம்பியை வரலாறு போற்றுகிறது. அப்போற்றுதலை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்போரில் இருபுறமும் சாராத ஏழை மக்கள் நடுவே அகப்பட்டு நசுங்கினர் என்பதையும் வரலாற்றில் எழுதுதல் வேண்டும். வெள்ளையரின் மதத்தைச் சேர்ந்தவர் என்ற ஐயத்தால் மயிலாடிக் கிறித்தவர் வேட்டையாடப்பட்டனர். ரிங்கல்தௌபேயும் அப்போது திருநெல்வேலிப் பக்கம் சென்றிருந்தார். வேதமாணிக்கம் குடும்பத்தோடு மலைப்புறங்களில் ஒளிந்து வாழ நேர்ந்தது.

அவர் வாழ்வில் இருண்ட காலம் அதுவே. ஆசிரியர் அருகில் இல்லை, ஆலயம் இல்லை, வீட்டிற்குத் திரும்ப வழியில்லை. தாம் சொல்லைக் கேட்டு வந்த மக்களெல்லாம் தம்மால் துன்புறுகின்றனரே என்ற எண்ணம் ஒரு தலைவனைக் கொல்லாமற் கொல்லும். பழைய வழிக்குத் திரும்பிவிட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருப்பின் அவருக்குத் தொல்லை தீர்ந்திருக்கும். அவர் அச்சொல்லைச் சொல்லவில்லை. மலையிடுக்கிலும் வழிபாட்டை விடவில்லை; சிதறியவரைத் தேற்றுவதையும் விடவில்லை.

1809 பெப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. போர் ஓய்ந்தது. மலையிலிருந்து இறங்கிய வேதமாணிக்கம் பழிவாங்கும் எண்ணத்தோடு இறங்கவில்லை. உடனே ஆலயப் பணியில் இறங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் மயிலாடி ஆலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. கோயில் வீதியில் நடக்கவும் உரிமையற்ற மக்கள் தம் கையாலேயே கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய இறைவன் வீடு அது. சிதம்பரத்தில் வெளியே நின்ற கால்கள் அந்நாளில் எத்தகைய உவகையோடு உள்ளே நுழைந்திருக்கும் என்பதை எழுத நமக்குச் சொற்கள் இல்லை.

ஆலயமும் பள்ளியும்

ஆலயத்தோடு நின்றுவிடாமல் 1809-ஆம் ஆண்டிலேயே மயிலாடியில் ஒரு கல்விச்சாலையும் தோன்றியது. அக்கல்விச்சாலை 1818-இல் நாகர்கோவிலுக்கு மாற்றப்பட்டு, படிப்படியாக வளர்ந்து, 1893-இல் கல்லூரியாக உயர்ந்தது. இன்று நாகர்கோவிலில் புகழோடு விளங்கும் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியே அது. எத்தனையோ சாதியினர், சமயத்தினர் அங்குப் பயின்று உயர்பதவிகள் பெற்றுள்ளனர். அம்மரத்தின் வேர் நம் சேரியில் ஊன்றிய வேர் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? நம் இளைஞரேனும் அறிதல் வேண்டும்.

அக்கம்பக்கத்து ஊர்களிலும் சபைகள் எழுந்தன. ரிங்கல்தௌபேயின் காலத்திலேயே ஏழு சபைகள் அமைந்தன. நம்மவரோடு நாடார் குலத்தினரும் பெருந்திரளாகச் சேர்ந்தனர். ஊர் ஊராக நடந்து மக்களைச் சந்திப்பதும், சச்சரவுகளைத் தீர்ப்பதும், புதியவர்க்கு மறை கற்பிப்பதும் வேதமாணிக்கத்தின் அன்றாடப் பணியாயின.

1816-ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே விடைபெற வேண்டியதாயிற்று. தமக்குப்பின் சபைகளை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எழுந்தபோது அவர் ஐரோப்பியர் ஒருவருக்காகக் காத்திருக்கவில்லை. வேதமாணிக்கத்தின் தலைமேல் கைவைத்து, தம் குருவுடையை அவருக்கு அணிவித்து, பொறுப்பனைத்தையும் ஒப்படைத்தார் என்று கூறுவர். தீண்டினால் தீட்டு என்று நாடு கூறிய தலைமேல் ஒரு கல்விமானின் கை வாழ்த்தி அமர்ந்தது. அது நடந்தது 1816-இல் என்பதை மீண்டும் நினைவிற் கொள்க.

ரிங்கல்தௌபே அங்கிருந்து நம் சென்னைக்கு வந்தார். வருவாயில் பெரும்பகுதியை ஏழைகட்கே அளித்துவிட்ட அவர், மேலங்கி ஒன்றும் இல்லாமல், நாட்டு ஓலைத் தொப்பி அணிந்தவராய்ச் சென்னையில் தோன்றியதைக் கண்டு இங்கிருந்த ஐரோப்பியர் வியந்தனர். பின்னர்க் கடல்வழியே கிழக்குத் திசை நோக்கிச் சென்றார். அவர் முடிவு என்னவாயிற்று என்பதை வரலாறு இன்றளவும் அறியவில்லை.

அவருக்கு அடுத்து நியமிக்கப்பெற்ற மீட் ஐயர் உடனே வந்து சேர இயலவில்லை. பயணத்தின் நடுவே பினாங்கில் அவர் மனைவியார் காலமானார். 1818-இன் தொடக்கத்தில்தான் அவர் தெற்கே வந்தடைந்தார். இடைப்பட்ட காலமெல்லாம் சபைகளைச் சிதறாமல் காத்தவர் வேதமாணிக்கமே. பட்டம் பெறாதவர், ஆங்கிலக் கல்வி இல்லாதவர், சட்டத்தின் முன் மனிதராகவே மதிக்கப்படாதவர் ஒருவர் அத்தனை மக்களையும் நடத்திச் சென்றார். தலைமை நமக்கு வராது என்று சோர்வோர் இதனைப் படிக்கக் கடவர்.

மீட் ஐயர் வந்தபின் பணி விரிந்தது. அப்போது ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய் கல்விப்பணிக்கென நன்செய் நிலம் வாங்க ஐயாயிரம் ரூபாய் அளித்தார். நாகர்கோவிலில் பெண்கள் பள்ளியும் அச்சுக்கூடமும் எழுந்தன. மார்த்தா மால்ட் அம்மையார் ஏழைப் பெண்களுக்குப் பின்னல் சரிகை வேலை கற்பித்தார். அவ்வேலையால் ஈட்டிய பணத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் தம்மைத் தாமே விலைகொடுத்து விடுவித்துக்கொண்டனர். இவையாவும் தழைப்பதைக் கண்டு வேதமாணிக்கம் முதுமையடைந்தார். 1827-ஆம் ஆண்டில் மயிலாடியில் அமைதியாக உயிர்நீத்தார்.

அவர் மறைந்தபின் நிகழ்ந்த ஒன்றையும் கூறுதல் நேர்மை. 1850-களின் தொடக்கத்தில் மனைவியை இழந்து தனித்திருந்த மீட் ஐயர், நம் இனத்துக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த லோயிஸ் என்னும் பெண்ணை மணந்தார். அதனால் எழுந்த எதிர்ப்பில், ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த சங்கத்தைவிட்டே அவர் விலக நேர்ந்தது. சாதி என்னும் நஞ்சு ஆலயத்தின் வாயிலில் செருப்பைக் கழற்றுவதுபோல் கழன்றுவிடுவதன்று. இதனை நம்மவர் இன்றும் அறிவர். கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிப் பிரித்த ஊர்கள் நம் தமிழகத்தில் உண்டு. வெளியேயும் நீதி குறைவுபட்டே நிற்கின்றது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், கிறித்தவராகிய ஆதித்திராவிடர்க்குப் பட்டியல் இனத்தார் உரிமை கிட்டவில்லை. சீக்கியர்க்கு 1956-லும் பௌத்தர்க்கு 1990-லும் அவ்வுரிமை விரிக்கப்பட்டது. கிறித்தவர்க்கும் வேண்டுமெனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023-இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரே தெருவில், ஒரே கூலிவேலை செய்யும் இரு குடும்பத்துப் பிள்ளைகளில் ஒருவனுக்குப் பட்டியல் இனத்தார் உரிமையும் மற்றவனுக்கு மறுப்பும் கிடைப்பதைத் தலைமையாசிரியராக இருந்து நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

இவ்வாழ்வு கற்பிக்கும் பாடம்

இனி, அவ்விளைஞன் கேட்ட கேள்விக்கு வருவோம். துன்பத்தில் பாடுவது ஏமாற்றா? நம்பிக்கை தரும் மகிழ்ச்சி மனிதனை உறங்க வைக்குமா?

உறங்க வைக்கும் சமயமும் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. இன்று பொறு, மறுமையில் பெறுவாய் என்று கூறி ஏழையைக் குனிய வைப்போர் எல்லாச் சமயத்திலும் உளர். ஆனால் வேதமாணிக்கத்தின் வாழ்வை நோக்குக. மகிழ்ச்சி கிடைப்பதற்கு முன் அவர் தமக்காக நடந்தார். கிடைத்தபின் தம் மக்களுக்காக நடந்தார். இறைவன் தம்மை மனிதராக ஏற்றுக்கொண்டான் என்ற உறுதி நெஞ்சில் பிறந்தபின், ஊரார் தம்மை மனிதரல்லர் என்று கூறியதை அவர் நம்ப மறுத்தார். அந்த மறுப்பே அவர் மகிழ்ச்சியின் உயிர்நிலை. அது அவரைத் தரங்கம்பாடிக்கு நடத்திற்று. ஆசிரியரை அழைத்துவரச் செய்தது. மலையில் ஒளிந்தபோதும் தளராமல் காத்தது. இறங்கி வந்தவுடன் கல் சுமக்க வைத்தது. பள்ளி கட்ட வைத்தது. அவர் பாட்டுக்குப் பின்னால் உறக்கம் இல்லை, பயணம் இருந்தது.

வெள்ளச்சேற்றில் நின்று பாடிய நம் அண்டை வீட்டாரும் அவ்வாறே செய்தனர் என்பதைப் பின்னர்க் கண்டோம். பாடி முடித்த மறுநாள் அவர்கள் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழுக்காகப் பள்ளி வாயிலில் வந்து வரிசையில் நின்றனர். பின்பு கரையோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்திற்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டபோது, அத்தனைத் தொலைவிலிருந்தும் விடியற்காலைப் பேருந்தேறிப் பழைய பள்ளிக்கே பிள்ளைகளை அனுப்பியோர் உண்டு. உள்ளத்தில் ஒளி இல்லாதவர்க்கு அந்த விடியற்காலைப் பேருந்து ஏறும் உறுதி வாராது.

நம் சங்கத்தில் கிறித்தவர் உளர். அம்பேத்கர் காட்டிய பௌத்த நெறியில் நிற்போர் உளர். குலதெய்வத்தை வணங்குவோர் உளர். எச்சமயமும் வேண்டாவென்போரும் உளர். எல்லோரும் ஒரு சமயத்தில் சேர்தல் வேண்டுமென்று நாம் இதனை எழுதவில்லை. வேதமாணிக்கம் தம் மகிழ்ச்சியைக் கிறிஸ்துவிடம் கண்டார். நீவிர் எங்குக் காணினும் அதனை ஓர் அளவுகோல் கொண்டு சோதித்துப் பாருங்கள். அது உம்மை நிமிரச் செய்கின்றதா? பிறரையும் நிமிர்த்தும்படி உம்மை அனுப்புகின்றதா? ஆம் எனின் அது மெய்யான மகிழ்ச்சி. அன்றெனின் அது மயக்கம்.

வாரக்கூலியில் மிச்சம் பிடித்துச் சந்தா செலுத்தி இச்சங்கத்தை நிறுவிய நம் மூத்தோரும் ஓர் ஆசிரியரைத் தேடியே புறப்பட்டனர். இருபத்தைந்து ஆண்டுகளாக மயிலை, அடையாறு, தியாகராய நகர் வட்டாரத்துச் சேரிப்பிள்ளைகள் இச்சங்கத்தின் நிழலில் படித்து வருகின்றனர். படித்து முன்னேறியவர் ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்ததோடு தம் தெருவிற்குத் திரும்பி வருதல் வேண்டும். தஞ்சையில் தங்கிவிடாமல் மயிலாடிக்குத் திரும்பிய கால்களை நினையுங்கள்.

மகராசன் என்று பெயரிட்ட பெற்றோரின் ஆசை வீண்போகவில்லை. அவர் பெயர் அழியாது வாழ்க! அவர் வழியில் நம் சங்கமும் நீடு வளர்க!